முயலுக்குள் சாத்தானைக் கண்டுபிடிப்பது எப்படி?

தொலைக்காட்சித் தொடரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தொடரைப் பற்றித் தியரி சொல்வதற்குப் பயிற்சி வேண்டும். மார்வலின் 'வாண்டாவிஷன்' வந்தபோது மலேசியாவின் பினாங்கு மாநிலத்துத் தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் இந்தக் கலை எப்படிச் செழித்தது என்பதைக் கூட இருந்து பார்த்தவன் என்ற ஒரே தகுதியில், அடுத்த தலைமுறைக்கு இந்தக் கையேட்டை எழுதி வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்கள் சொல்லப்போகும் தியரி ஒன்றுகூடப் பலிக்காது. அதற்கு முழு உத்தரவாதம் உண்டு.

தொடர் தெரியாதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வாண்டா மாக்ஸிமோஃப் என்ற சூனியக்காரப் பெண், விஷன் என்ற செயற்கை மனிதன், இருவரும் காதலர்கள். 2018இல் வந்த 'அவெஞ்சர்ஸ்' படத்தில் விஷன் செத்துப்போகிறான். தொடரின் முதல் காட்சியில் பார்த்தால் இருவரும் புதுமணத் தம்பதி. வெஸ்ட்வியூ என்ற ஊர், அழகான வீடு, கறுப்பு வெள்ளைப் படம், சதுரத் திரை, பின்னணியில் கூட்டத்தின் சிரிப்பு. 1950களின் அமெரிக்கக் குடும்ப நகைச்சுவைத் தொடர் மாதிரியே இருக்கும். அடுத்த பாகம் 60களுக்குத் தாவும், அதற்கடுத்தது 70களுக்கு. செத்தவன் எப்படி வந்தான், ஊர் ஏன் காலம் மாறிக்கொண்டே இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மொத்தம் ஒன்பது பாகம், வாரத்துக்கு ஒன்று. தியரிக்காரனுக்கு இதைவிட நல்ல விளைநிலம் கிடைக்காது.

பார்க்காமலே தொடங்குங்கள்

தொடரின் முதல் இரண்டு பாகங்கள் 2021 ஜனவரி 15ஆம் தேதி வெளிவந்தன. நம் நேரப்படி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. ஆனால் தொடரைக் காட்டிய டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் மலேசியாவுக்கு வந்தது அந்த ஆண்டு ஜூன் 1ஆம் தேதிதான். இடையில் நாலரை மாதம். கடைசிப் பாகம் மார்ச் 5ஆம் தேதியே முடிந்து, உலகமே அழுது ஓய்ந்திருந்தது. முறையாகச் சந்தா கட்டிப் பார்க்க வேண்டியவர்கள் தாசேக் கெலுகோரில் எல்லாவற்றையும் கேள்விப்பட்டு முடித்திருந்தார்கள்.

இதைக் குறையாக நினைப்பவர் தியரிக்கு லாயக்கில்லை. படத்தைப் பார்த்தவனுக்குப் படம் ஒரு தடை. பார்க்காதவனுக்குக் கற்பனைக்குக் குறுக்கே எதுவும் நிற்காது. அந்த நாலரை மாதத்தில் வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான நாலு படங்களையும், சிங்கப்பூர் மச்சான் போனில் சொன்ன அரைகுறைக் கதையையும் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பையன்கள் கட்டிய மாளிகைகளின் உயரம், முழுத் தொடரையும் மூன்று தடவை பார்த்த அமெரிக்கர்களுக்கு வரவில்லை. (அந்த நாலரை மாதத்திலேயே தொடரை 'எப்படியோ' பார்த்து முடித்தவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி இந்தக் கையேடு எதுவும் பேசாது.)

எண்களைக் கூட்டுங்கள்

முதல் பாகத்தில் சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும். ஆகஸ்ட் 23ஆம் தேதியில் சின்னதாக ஓர் இதயம் வரைந்திருக்கும். வாண்டாவுக்கும் விஷனுக்கும் அது எதற்கென்று ஞாபகம் வராது. கல்யாண நாளோ என்று நினைத்து அவள் ஒரு பக்கம் அலங்காரம் செய்துகொள்வாள். விஷனின் முதலாளி ஹார்ட் தம்பதியுடன் இரவு விருந்து என்பதுதான் விஷயம். ஹார்ட் என்ற பெயருக்கு இதயம் வரைந்து வைத்திருக்கிறார்கள். பழைய நகைச்சுவைத் தொடரின் மூன்றாந்தரச் சிலேடை, அந்தப் பாகத்திலேயே அவிழ்ந்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் சாதாரண ரசிகன் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவான். நீங்கள் நகரக் கூடாது. 23, 8. இரண்டும் மூன்றும் எட்டும் கூட்டினால் 13. பினாங்கில் இரண்டாவது முறையாகக் கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள் எது? 2021 ஜனவரி 13. தொடர் வெளிவர இரண்டு நாள் முன்னால். இன்னும் நம்பிக்கை வரவில்லையா? ஹாட்ஸ்டார் மலேசியாவில் கால் வைத்த அதே ஜூன் 1ஆம் தேதிதான் நாடு தழுவிய முழு முடக்கம் தொடங்கியது. 1984இல் டிவி3 தன் ஒளிபரப்பைத் தொடங்கியதும் ஒரு ஜூன் 1ஆம் தேதி. மூன்றும் உண்மையான தேதிகள். மூன்றுக்கும் ஒன்றோடொன்று எந்தச் சம்பந்தமும் கிடையாது. தியரிக்கு வேண்டியது இவ்வளவுதான். இனி 'யோசிச்சிப் பாருங்க' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோப்பியை ஒரு வாய் குடியுங்கள். மிச்சத்தை எதிரில் இருப்பவர் பார்த்துக்கொள்வார்.

முழு முடக்கம் என்றதும் ஒன்று சொல்லாமல் போக முடியாது. வெஸ்ட்வியூவைச் சுற்றி அறுகோண வடிவில் ஒரு மாயச் சுவர், பெயர் ஹெக்ஸ். உள்ளே இருப்பவர்கள் வெளியேற முடியாது. விளிம்புக்கு அருகில் போனால் மனிதர்கள் அப்படியே உறைந்து நிற்பார்கள். ஜூன் மாதம் நாம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான் போகலாம், ஒரு வீட்டுக்கு இரண்டு பேர்தான் சாமான் வாங்க வெளியே வரலாம், கடையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, பொட்டலம் மட்டும்தான். பினாங் துங்கால் பாலத்தைத் தாண்டினால் கெடா மாநிலம். மூடா ஆற்றுக்கு அந்தக் கரையில் அக்கா வீடு இருந்தாலும் போலீஸ் கடிதம் இல்லாமல் போக முடியாது. வெஸ்ட்வியூவின் விளிம்பில் உறைந்து நின்ற ஆட்களைப் பார்த்து அமெரிக்க விமர்சகர்கள் ஏதேதோ எழுதினார்கள். எங்கள் தாமான் குடியிருப்பில் அந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

முயலைப் பாருங்கள், வாண்டாவைப் பார்க்காதீர்கள்

கையேட்டின் இதயப் பகுதி இது. (ஹார்ட் அல்ல.)

எல்லாவற்றுக்கும் பின்னால் மெஃபிஸ்டோ இருக்கிறான் என்று சொல்லுங்கள். மார்வல் காமிக்ஸில் 1968இலிருந்து உலவும் சாத்தான். இந்தத் தியரிக்கு உண்மையிலேயே அடிப்படை உண்டு. 1989 காமிக்ஸ் கதையில் வாண்டாவின் இரட்டைக் குழந்தைகள் மெஃபிஸ்டோவின் ஆன்மாவிலிருந்து பிய்ந்த துண்டுகள் என்று தெரியவரும். தொடரிலும் வாண்டா இரட்டைக் குழந்தை பெறுகிறாள். அப்புறம் என்ன? பக்கத்து வீட்டு ஆக்னெஸ் தன் கணவன் ரால்ஃப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறாள், ஆனால் அவன் திரையில் வரவே மாட்டேன் என்கிறான். அவன்தான் மெஃபிஸ்டோ. ஊர்ப் பெண்கள் கூடி 'குழந்தைகளுக்காக' என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். மெஃபிஸ்டோவின் வேலை. இரண்டாம் பாகத்தில் சாக்கடை மூடியைத் திறந்துகொண்டு தேனீ வளர்ப்பவன் வேடத்தில் ஒருவன் வருகிறான். மெஃபிஸ்டோ. ஊர்ப் பெண்களை அடக்கி ஆளும் கண்டிப்பான டாட்டி? மெஃபிஸ்டோவின் மனைவி. ஆக்னெஸ் வளர்க்கும் சென்யோர் ஸ்க்ராச்சி என்ற முயல்? சந்தேகமே வேண்டாம்.

சாக்கடையிலிருந்து வந்தவன் உள்ளே அனுப்பப்பட்ட ஓர் அரசாங்க ஊழியன். ஹெக்ஸைத் தாண்டியபோது அவனது பாதுகாப்பு உடை தேனீக்காரன் உடையாக மாறிவிட்டது. டாட்டியின் உண்மைப் பெயர் சாரா, தன் எட்டு வயது மகளை ஒருநாளாவது அறையை விட்டு வெளியே விடும்படி கடைசிப் பாகத்தில் வாண்டாவிடம் கெஞ்சுகிறாள். இதெல்லாம் தெரியவந்தபோது தியரிக்காரர்கள் துவண்டார்களா? இல்லை. முயல் இன்னும் மிச்சம் இருந்தது.

மற்றச் சான்றுகளையும் இப்படியே கையாளுங்கள். ஐந்தாம் பாகத்தில் அரசாங்கத் தரப்பு அதிகாரி மோனிகா ராம்போ தனக்கு ஒரு விண்வெளிப் பொறியாளரைத் தெரியும் என்று ஒரு வார்த்தை விட்டாள். ஃபென்டாஸ்டிக் ஃபோர் ரீட் ரிச்சர்ட்ஸ் வரப்போகிறார் என்று உலகமே நாற்காலி போட்டு வைத்தது. வந்தவர் மேஜர் குட்னர், இதற்கு முன்பும் பின்பும் யாரும் கேள்விப்படாத ஓர் அம்மையார். விஷனாக நடித்த பால் பெட்டனி, தான் ரொம்ப நாளாகச் சேர்ந்து நடிக்க ஆசைப்பட்ட நடிகர் ஒருவருடன் பெரிய காட்சிகள் இருப்பதாகப் பேட்டியில் சொல்லிவைத்தார். அல் பச்சீனோதான் என்று ஒரு கூட்டம் முடிவே கட்டியது. அந்த நடிகர் பால் பெட்டனி. கடைசியில் வெள்ளை விஷனும் பழைய விஷனும் மோதிக்கொள்கிறார்கள், இரண்டும் அவரே. நம்மை ஏமாற்றிய ஆட்களில் இவர் ஒருவர்தான் அதை ரசித்துச் செய்தார் என்பதால் மன்னித்துவிடலாம்.

இந்தச் சமயத்தில் வாண்டாவை மட்டும் உற்றுப் பார்த்துவிடாதீர்கள். பார்த்தால் தியரி கெட்டுவிடும்.

பெரியம்மாவைச் சமாளிப்பது

ஆபத்து வீட்டுக்குள் இருக்கிறது. எந்த வீட்டிலும் ஒரு பெரியம்மா இருப்பார். மலாக்கோஃப் தோட்டத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து அரசுத் தொலைக்காட்சி ஆர்டிஎம் பார்த்தவர், சன் டிவி வந்த பிறகு ஒரு நாடகத்தையும் விடாதவர். காமிக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. நீங்கள் தொடரைப் போட்டதும் சோபா ஓரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்காருவார். இவரை அறையை விட்டு வெளியேற்றாமல் யாரும் நல்ல தியரிக்காரர் ஆனதில்லை.

முதல் பாகத்தை எடுத்துக்கொள்வோம். சமையலறையில் தட்டும் முட்டையும் காற்றில் பறக்கின்றன. அந்தப் பாகத்தை உண்மையிலேயே ஸ்டூடியோவில் பார்வையாளர்களை உட்கார வைத்து எடுத்தார்கள். பாத்திரங்களைப் பழைய பாணியில் கம்பி கட்டிப் பறக்கவிட்டார்கள். தயாரிப்பாளர் கெவின் ஃபைகியும் இயக்குநர் மாட் ஷக்மனும் யோசனை கேட்க அந்தக் காலத்து நகைச்சுவைத் தொடர் நாயகன் டிக் வான் டைக்குடனேயே விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் சிவப்பு சரியாகத் தெரியாது என்று விஷனின் முகத்துக்கு நீலம் பூசினார்கள். இதையெல்லாம் தேடிப் படித்து மனப்பாடம் செய்து நீங்கள் சொல்லத் தொடங்குவீர்கள். பெரியம்மா தலையைத் தூக்காமல், "மாயா பஜார்லயே லட்டு பறந்து ரங்கா ராவ் வாய்க்குள்ள போகும்டா" என்பார். 1957 படம். ஒன்றும் சொல்ல முடியாது.

அடுத்தது விருந்துக் காட்சி. முதலாளி ஹார்ட், நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள், எப்போது கல்யாணம் ஆனது என்று மேசையைத் தட்டிக் கேட்கிறார். தம்பதிக்குப் பதில் தெரியவில்லை. சாப்பாடு தொண்டையில் சிக்கி அவர் கீழே சாய்கிறார். மனைவி சிரித்த முகத்தோடு 'நிறுத்து, நிறுத்து' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். முதலில் கணவனிடம் சொல்வது மாதிரி இருக்கும், அப்புறம் பார்வை வாண்டா பக்கம் போய்விடும். கேமரா அதுவரை தள்ளி நின்றது, இப்போது முகத்துக்குப் பக்கத்தில் வருகிறது. வாண்டா மெதுவாக விஷனிடம், அவருக்கு உதவி செய் என்கிறாள்.

பெரியம்மா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்: "ஆமா, அந்தக் கூட்டம் ஏன் சிரிக்கறத நிப்பாட்டிருச்சி?"

உண்மையில் நிறுத்தித்தான் விட்டது. நீங்கள் அந்த நேரத்தில் நாட்காட்டியில் எண் கூட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"அந்தப் பொண்ணு புருசன் செத்துட்டான்டா. அவளுக்கு அது தெரியும். அதான் யாராச்சும் கேட்டா பயப்படுறா."

இங்கே உடனே குறுக்கிடுங்கள். 'இல்ல பெரியம்மா, இது வேற லெவல் கதை, மல்ட்டிவர்ஸ்' என்று சொல்லுங்கள். அடக்கிவிட முடியும் என்று நினைப்பீர்கள். ஐந்தாம் பாகத்தின் கடைசியில் கதவு தட்டும் சத்தம் கேட்கும். வாண்டாவின் செத்துப்போன அண்ணன் பியெத்ரோ நிற்கிறான், ஆனால் வேறு முகம். 2015 'அவெஞ்சர்ஸ்' படத்தில் அந்த வேடத்தில் நடித்தவர் ஆரன் டெய்லர் ஜான்சன். இப்போது நிற்பவர் ஈவான் பீட்டர்ஸ், வேறொரு நிறுவனம் எடுத்த எக்ஸ்மென் படங்களில் அதே பாத்திரத்தில் நடித்தவர். உலகம் முழுக்கத் தியரிக்காரர்கள் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்த கணம் அது. இரண்டு சினிமா உலகங்கள் ஒன்றாகிவிட்டன! மல்ட்டிவர்ஸ் திறந்துவிட்டது! உங்கள் கை நடுங்க வேண்டும், குரல் உடைய வேண்டும்.

"இவருக்குப் பதில் இவர்னு போட மறந்துட்டாங்க," என்பார் பெரியம்மா.

நாடகத்தில் நடிகை கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விட்டால் மறுநாள் அந்த வரி திரையில் ஓடும், வேறொருவர் அதே புடவையில் அதே சண்டையைத் தொடருவார். பெரியம்மா ஆயிரம் தடவை பார்த்தது. கொடுமை என்னவென்றால், தொடருக்குள்ளேயே டார்ஸி என்ற பாத்திரம் திரையைப் பார்த்துக் கேட்பதும் இதேதான், ஆளை மாற்றிவிட்டாளா என்று. கடைசியில் அவன் வேறு உலகத்திலிருந்து வந்தவனும் அல்ல, அண்ணனும் அல்ல. அதே ஊர்க்காரன், பெயர் ரால்ஃப் போனர், சும்மா வேடம் போட வைக்கப்பட்டவன். ஆக்னெஸ் சொல்லிக்கொண்டிருந்த ரால்ஃபும் அவனே. மெஃபிஸ்டோ கொட்டகை அங்கேயே பாதி சரிந்தது.

ஆக்னெஸ் விஷயம் இன்னும் மோசம். அவள் முதல் பாகத்தில் பூச்செடியோடு உள்ளே நுழைந்த நிமிடத்திலேயே பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "கூப்புடாமலே வர்றா, வேண்டியதெல்லாம் கையிலயே கொண்டு வர்றா. இவதான்டா." ஏழாம் பாகத்தில், பிப்ரவரி 19ஆம் தேதி, அவள் அகாதா ஹார்க்னெஸ் என்ற பழைய சூனியக்காரி என்று வெளிப்பட்டது. அதற்கென்றே ஒரு பாட்டு, 'எல்லாம் அகாதாவின் வேலை' என்ற பொருளில். அந்தப் பாட்டு எம்மி விருதும் வாங்கியது. மொத்தம் 23 பரிந்துரைகளில் கிடைத்த மூன்று விருதுகளில் அது ஒன்று. பெரியம்மாவுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. (23! கவனித்தீர்களா? நாட்காட்டியிலும் 23.)

இவர் எப்படிச் சரியாகச் சொல்கிறார் என்று நான் யோசித்ததுண்டு. எனக்கே பிடிக்காத ஒரு முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. நாம் காமிக்ஸ் இலக்கணத்தை வைத்துப் படித்தோம். இந்தத் தொடரோ தொலைக்காட்சியின் இலக்கணத்தில் எழுதப்பட்டது. எட்டாம் பாகத்தில் அது வெளிப்படையாகவே வந்துவிடுகிறது: வாண்டாவின் சொந்த நாடான சொகோவியாவில் போர் நடுவே குட்டிப் பெண் வாண்டா, அப்பா விற்பதற்கு வைத்திருக்கும் டிவிடிப் பெட்டியிலிருந்து டிக் வான் டைக் தொடரை எடுத்துக் குடும்பத்தோடு பார்க்கிறாள், அந்த நேரத்தில் குண்டு விழுகிறது. பெற்றோர் போய்விட்டார்கள். தொலைக்காட்சியில் சிரிப்பு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெடிக்காத இன்னொரு குண்டு சிவப்பாகக் கண்ணைச் சிமிட்டுகிறது. முதல் பாகத்தில் ஸ்டார்க் நிறுவனத்தின் ரொட்டி வாட்டும் இயந்திர விளம்பரத்தில், கறுப்பு வெள்ளைக்கு நடுவே அதே சிவப்புப் புள்ளி சிமிட்டியது. தொடர் துப்பு கொடுத்துக்கொண்டேதான் இருந்தது. அந்தத் துப்பெல்லாம் அவள் துக்கத்தைப் பற்றியது, நாம் தேடியது சாத்தானை.

சொல்லிவிட்டேனா? மன்னிக்கவும். கையேட்டுக்குத் திரும்புவோம்.

இரண்டாம் பாகத்தின் முடிவில் படம் கலருக்கு மாறும்போது பெரியம்மா, "நமக்கும் எழுபத்தெட்டுலதான் கலர் வந்திச்சி" என்று ஒரு நினைவுக்குள் போவார். ஆர்டிஎம் வண்ண ஒளிபரப்பு 1978 டிசம்பரில் தொடங்கியது உண்மை. தோட்டத்து மண்டபத்தில் யார் யார் எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள் என்பது வரை சொல்வார். இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டு முயலைப் பற்றிப் பேசி முடித்துவிடுங்கள். அவர் திரும்பி வருவதற்குள் மூன்று நிமிடமாவது கிடைக்கும்.

தோற்ற பிறகு

மார்ச் 5. கடைசிப் பாகம். மெஃபிஸ்டோ வரவில்லை. ரீட் ரிச்சர்ட்ஸ் வரவில்லை. டாக்டர் ஸ்ட்ரேஞ்சும் வரவில்லை. வந்தது ஒரு பெண், தான் உருவாக்கிய வீட்டைத் தானே கலைத்துவிட்டு, குழந்தைகளைப் படுக்க வைத்து, கணவனிடம் விடைபெற்றுப் போகிறாள். இப்போது ஏமாந்துபோனதாக நீங்கள் கோபப்பட வேண்டும். 'கிளைமேக்ஸ் சப்பு' என்று மூன்று குழுக்களில் போடுங்கள். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தால், வெங்காயம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு 54 ரிங்கிட் 90 சென் கட்டியிருக்கிறோம், அத்தனை நாள் தியரி சொல்லியிருக்கிறோம், வெறுங்கையோடு போகலாமா? கூடாது. பொறுமையாகக் காத்திருங்கள். அந்த முயல் அசுரனாக மாறும் காட்சி ஒன்றை உண்மையிலேயே எடுத்து, பிறகு வெட்டிவிட்டோம் என்று இயக்குநர் ஷக்மனே பின்னால் ஒத்துக்கொண்டார். இதை ஒரு காகிதத்தில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், கல்யாண வீடுகளில் உதவும். அகாதாவுக்கு 2024இல் தனித் தொடரே வந்தது. கடைசியில் 2025 ஜூலையில், 'அயர்ன்ஹார்ட்' என்ற வேறொரு தொடரின் இறுதிப் பாகத்தில், மெஃபிஸ்டோவே வந்துவிட்டான். சாஷா பேரன் கோஹன் நடித்திருந்தார். நாலரை ஆண்டு தாமதம், வேறு தொடர், வேறு ஊர், வாண்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் தியரி பலித்துவிட்டது என்றுதான் அறிவிக்க வேண்டும். 'நான் அப்பவே சொன்னேன்' என்று 2021இல் அமைதியாகிப்போன அந்தக் குழுவிலேயே போய்ப் போடுங்கள். தாசேக் கெலுகோர் ரயில் நிலையத்தில் பட்டர்வொர்த் கொமுட்டருக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லுங்கள். சுங்கை பட்டாணி அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள், இப்போது பாலத்தில் யாரும் கடிதம் கேட்பதில்லை.

பெரியம்மாவிடம் மட்டும் சொல்லாதீர்கள். சாத்தான் வந்துவிட்டான் பெரியம்மா, நான் சொன்ன அதே ஆள் என்று நீங்கள் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "யாரு, அந்த முயலா?" என்பார்.